ஆணியில் தொங்கின பேணி

“ஆர் ஆக்கள்?” என்று அம்மா குசினிக்குள் இருந்து கேட்டா.

நாங்கள் ஸ்கூட்டியை ஸ்ரார்ட் பண்ணிவிட்டு, “மானிப்பாய்!” என்று கத்திக்கொண்டு ஒழுங்கைக்கு இறங்கிவிட்டோம். அம்மா கேட்டது ஊரை இல்லை என்று எங்களுக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும்.

அவர்கள் பழக்கமாகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு புத்தக வெளியீடு. பேச்சுகள் நீண்டுகொண்டே போக, எங்களுக்கு முன்னால் இருந்த அக்கா அழைப்பிதழின் பின்பக்கத்தில் பேச்சாளர்களை ஒவ்வொருவராகக் கீறிக்கொண்டிருந்தா. நாங்கள் எட்டிப் பார்த்துச் சிரிக்க, அவவும் சிரிக்க, கடைசியில் நாலு பேராக வெளியில் வந்து ரோல்ஸ் தின்றோம். நாலாவது ஆள் அவவின் கணவர், இப்போது எங்களுக்கு அண்ணா. அக்கா பிள்ளைகளுக்குச் சித்திரம் படிப்பிக்கிறா. அண்ணா தச்சு வேலை. “ஒருநாள் வீட்ட வாங்கோ. வீடு கொஞ்சம் பழசு, பயந்திடாதேங்கோ” என்றார் அண்ணா.

பழைய வீடு என்றதும் எங்களுக்குக் காது நிமிர்ந்தது. அதற்குக் காரணம் எங்கட வீடு.

எங்கட வீடு கோண்டாவிலில் இருக்கிறது. அம்மம்மாவின் அப்பா மலாயாவில் றெயில்வேயில் கிளாக்காக இருந்து, பென்சனோடு திரும்பி வந்து கட்டின நாற்சார் வீடு. யாழ்ப்பாணத்தில் எத்தனையோ கல்வீடுகள் மலாயாக் காசில் எழும்பினவைதான். இப்போது அவை கனடாக் காசில் இடிபடுகின்றன. எங்கட வீடும் வாற தையில் இடிபட இருக்கிறது. மாமா காசு அனுப்புகிறார். பிளான் கீறியாச்சு. இரண்டு மாடி, அலுமினியம் யன்னல், அறையோடு சேர்ந்த பாத்றூம். வீடு அம்மம்மாவிடம் இருந்து அம்மாவுக்குச் சீதனமாக வந்தது. இனி எங்களில் மூத்தவளுக்குப் போகும். தாயின் சீதனம் மகளுக்குப் போகிற பழக்கம் 1707இல் ஒல்லாந்தர் தொகுத்து வைத்த தேசவழமையிலேயே இருக்கிறது. ஆனால் வீட்டை இடிக்கலாமா என்று மட்டும் மூத்தவளிடம் ஒருத்தரும் கேட்கவில்லை.

நாங்கள் சண்டை பிடித்தோம். பாரம்பரியம், அடையாளம், மரபு என்று படித்த சொல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம். முற்றத்தில் வெயில் விழுகிற படங்களை இன்ஸ்ராகிராமில் போட்டோம். நிறையப் பேர் இதயம் போட்டார்கள். அம்மா ஒரே ஒரு வசனம்தான் சொன்னா.

“நீங்கள் படம் எடுக்கிறியள், நான் கூட்டுறன்.”

உண்மைதான். மாரி வந்தால் நாலு பக்கத்து ஓடும் முற்றத்துக்குள்தான் ஊத்தும். தீராந்தியில் கறையான் ஏறும். இரவில் கக்கூசுக்குப் போவதென்றால் கிணத்தடியைத் தாண்டிப் போகவேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். இதற்கெல்லாம் எங்களிடம் பதில் இல்லை. அதனால் பழைய வீட்டிலும் வடிவாக, வசதியாக இருக்கலாம் என்று அம்மாவுக்குக் காட்ட நாலு படம் எடுத்துக்கொண்டு வருவோம் என்பதுதான் அன்றைய திட்டம்.

வீட்டில் காய்த்த கறுத்தக்கொழும்பான் மாம்பழம் பத்தை ஒரு பையில் போட்டுக்கொண்டு இணுவிலுக்குள்ளால் விழுந்து போனோம். கூகிள் மப் எங்களை ஒரு வெங்காயத் தோட்டத்துக்கு நடுவில் கொண்டுபோய் விட்டு, வந்து சேர்ந்துவிட்டீர்கள் என்றது. தோட்டத்தில் தண்ணி மாறிக்கொண்டு நின்ற ஐயாவிடம் கேட்டோம்.

“சைக்கிள் றிம் தொங்குற வீடோ? நேர போய்ப் பூவரசங் கதியாலோட திரும்புங்கோ.”

தகரப் படலைக்கு மேலே மூன்று சைக்கிள் றிம்கள். கம்பிகளுக்குள்ளால் முல்லைக்கொடி சுற்றி, ஒரு றிம்மில் பூவும் பூத்திருந்தது. ஒரு நாய் வந்து குரைத்தது, பிறகு குரைத்ததையே மறந்து மாம்பழப் பையை மணந்தது.

முதலில் கண்ணில் பட்டது திண்ணை. சீமெந்துக்குள் முழுக்க உடைந்த பீங்கான். நீலப்பூப் போட்ட கோப்பைத் துண்டு, தேத்தண்ணிக் கப்பின் பிடி, திருவிழாக் கடையில் விற்கிற பொம்மையின் ஒரு கால். எல்லாம் சேர்ந்து தூரத்தில் பார்க்கக் கோலம் மாதிரி, கிட்டப் போனால் ஒவ்வொரு வீட்டுக் குசினி மாதிரி.

“அயலட்டையில எந்த வீட்டில கோப்பை உடைஞ்சாலும் இஞ்சதான் வரும்” என்றா அக்கா. “இப்ப சில ஆக்கள் உடைச்சுப்போட்டும் கொண்டு வருகினம்.”

விறாந்தையில் செற்றி இல்லை. இ.போ.ச. பஸ்ஸின் சீற் ஒன்று, மூன்று பேர் இருக்கக்கூடியது, முன்னால் பிடிக்கிற கம்பியோடு சேர்த்துப் பூட்டியிருந்தது. பழைய இரும்புக் கடையில் நிறைக்கு வாங்கினாராம் அண்ணா. கரைச் சீற்றுக்கு நாங்கள் இருவரும் சண்டை பிடித்தோம். வருகிற எல்லாரும் பிடிப்பார்களாம்.

நடு முற்றத்தைச் சுற்றி வளையில் ஆறு நீத்துப்பெட்டிகள் கவிழ்த்தபடி தொங்கின. புட்டு அவிக்கிற அதே நீத்துப்பெட்டிதான். உள்ளே சின்ன எல்.ஈ.டி. பல்ப். பகலில் அது வெறும் ஓலை. யன்னல்களைச் சாத்திவிட்டு அக்கா சுவிச்சைப் போட, சுவர் முழுக்க ஓலைப் பின்னலின் நிழல் விழுந்தது. எங்கட வீட்டுக் குசினியிலும் இரண்டு நீத்துப்பெட்டி இருக்கிறது. அதற்குள் இப்படி ஒரு வெளிச்சம் இருக்கும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

அறைக் கதவுகள் மூன்றும் மூன்று விதம். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது இந்த வீட்டுக்காரரும் நடந்தார்கள். பிறகு வந்து பார்த்தால் நிலை நின்றது, கதவு இல்லை. இப்போது ஒரு கதவு, பள்ளிக்கூடத்தில் கழித்துவிட்ட டெஸ்க் பலகைகளைப் பொருத்தினது. கொம்பாசால் கீறின பெயர்களும், அம்பு குத்தின இதயங்களும், ஒரு கணக்கு வாத்தியாரைப் பற்றின அபிப்பிராயமும் அப்படியே இருக்கின்றன. இன்னொன்று பனம் பலகை. மூன்றாவது கதவே இல்லை, அக்காவின் அம்மாவின் பழைய சீலைகளைக் கிழித்துப் பின்னின திரை.

ஒரு தட்டில் ஜாம் போத்தல்கள் வரிசையாக இருந்தன. 1990இல் பொருளாதாரத் தடை வந்து மண்ணெண்ணெய் பொன்னாகின காலத்து விளக்குகள். போத்தலுக்குள் பஞ்சு, பஞ்சு நனைகிற அளவுக்கு எண்ணெய், ஒரு சின்னத் திரி. அம்மா ஓ.எல். படித்தது இந்த வெளிச்சத்தில்தான் என்று ஆயிரம் தரம் கேட்டிருக்கிறோம். சாமானைக் கண்ணால் கண்டது அன்றைக்குத்தான்.

சுவரின் கீழ் மூன்று அடி பிள்ளைகளுக்கு. சனிக்கிழமை வகுப்புக்கு வாற பிள்ளைகள் கரியாலும் சோக்காலும் கீறிவைத்த யானை, முச்சக்கரவண்டி, கோயில், பேய். ஒவ்வொரு பொங்கலுக்கும் சுண்ணாம்பு அடித்து எல்லாவற்றையும் அழிப்பார்கள். அழிக்கிற அன்று பிள்ளைகள் அழுவார்களாம். அடுத்த நாள் புதுச் சுவரைக் கண்டதும் மறந்துவிடுவார்களாம்.

கிணத்தடிப் பக்கச் சுவரில் மட்டும் ஒரு வேலையும் இல்லை. செல் துண்டுகள் பட்ட ஓட்டைகள் அப்படியே இருந்தன. இவ்வளவையும் பார்த்த பிறகு அந்த ஓட்டைகளுக்குள்ளும் ஏதாவது செடி வைத்திருப்பார்கள், பூக் கீறியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் போனோம்.

“இதை மட்டும் வடிவாக்கக் கூடாது எண்டு நினைச்சம்” என்றா அக்கா. நாங்கள் போனைக் கீழே இறக்கினோம். அதுவரைக்கும் அறுபது படத்துக்கு மேல் எடுத்திருப்போம்.

பிறகு தேத்தண்ணி. குசினி வாசலுக்கு மேலே ஒரு பலகை, அதில் வரிசையாக ஆணி, ஒவ்வொரு ஆணியிலும் ஒரு கப். ஒன்று போல் ஒன்று இல்லை. பூப்போட்ட பீங்கான், சில்வர், பிளாஸ்ரிக், பிடி உடைந்து கம்பி கட்டினது. வாற ஆள் தனக்குப் பிடித்ததை எடுத்துக் குடித்துவிட்டு, கழுவித் திரும்ப மாட்டவேண்டும். அதுதான் அந்த வீட்டுச் சட்டம். நாங்கள் ஆளுக்கொன்றை எடுக்கும்போது, ஓரத்தில் ஒரு எனாமல் பேணியைக் கண்டோம். வெள்ளை, விளிம்பில் நீலக்கரை, அடியில் எனாமல் கழன்று கறுத்திருந்தது.

“ஐ, இதே பேணி எங்கட வீட்டிலயும் இருக்கு!” என்றோம். தெரிந்த ஆளைக் கண்ட மாதிரிச் சந்தோசம்.

அண்ணா பனங்கட்டியை உடைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிராமல் கேட்டார்.

“எங்க தொங்குது?”

“பின்னுக்கு. குசினிப் பத்தியில.”

சொல்லி முடித்த பிறகுதான் எங்களுக்கே விளங்கியது. அண்ணாவின் முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை. பனங்கட்டித் துண்டை எங்கட கையில் வைத்துவிட்டு, “இதுவும் அங்கதான் தொங்கினது” என்றார். “எங்கட அப்பப்பான்ர பேணி.”

பஸ் சீற்றுக்குப் போகாமல் திண்ணையிலேயே இருந்து கதைத்தோம். அண்ணாவின் அப்பப்பா இந்த வீட்டுக்கு வேலியடைக்கவும் ஓலை வெட்டவும் வாழ்நாள் முழுக்க வந்துபோனவர். ஒருநாளும் இந்தத் திண்ணையில் இருந்ததில்லை. கிணத்தடிப் பக்கத்தால் வந்து, முற்றத்தில் நின்று கணக்கு வாங்கி, அதே பக்கத்தால் போவார். முதலில் சிரட்டையில் தேத்தண்ணி. பிறகு இந்த எனாமல் பேணி. “பேணி வந்தது முன்னேற்றமாம்” என்று அண்ணா சிரித்தார். நாங்களும் சிரிக்கிறதா என்று தெரியாமல் தேத்தண்ணியைக் குடித்தோம்.

வீட்டுக்காரர் கனடாவுக்குப் போன பிறகு வளவைப் பார்த்தது அண்ணாவின் அப்பா. சண்டை முடிந்து கனகாலத்துக்குப் பிறகு வீட்டுக்காரரின் பிள்ளைகள், வாடகை வேண்டாம், வீடு விழாமல் இருந்து பாருங்கோ என்று சொன்னார்கள். அண்ணாவும் அக்காவும் கூட்டித் துடைக்க வந்த முதல் நாள், கதவு இல்லை, யன்னல் இல்லை, ஓட்டில் பாதி இல்லை. பத்தியில் ஆணி இருந்தது. ஆணியில் பேணி தொங்கினது.

“கதவைக் கழட்டினவன்கூட அதைத் தொடேல்லைப் பாருங்கோ” என்றார் அண்ணா.

அக்கா அதை எறியச் சொன்னாவாம். அண்ணாவின் அப்பா, கண்ணில படாமல் எங்கயாவது தாட்டுவிடு என்றாராம். அண்ணா இரண்டும் செய்யவில்லை. “எறிஞ்சால் அப்பிடி ஒண்டு இருந்ததெண்டே ஒருத்தருக்கும் தெரியாது. தனியத் தொங்கினால் அது பழையபடி அதேதான். அதால பக்கத்தில மற்றதுகளையும் கொண்டுவந்து மாட்டினம்.”

அந்த வீட்டில் செய்த முதல் அலங்காரம் அதுதான். இரண்டாவது, திண்ணை. அண்ணாவின் அப்பா முதல் ஆறு மாதம் திண்ணையில் இருக்க மாட்டேன் என்று நின்றாராம். நாங்கள் போன அன்று மத்தியானம் அவர் அதில்தான் துவாயைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தார். எங்கட சத்தத்துக்கு எழும்பி, மாம்பழத்தை மணந்து பார்த்து, “கோண்டாவில் மண்ணோ?” என்று மட்டும் கேட்டார்.

சாதியின் பேரால் பொது இடங்களில் ஆளை மறிப்பது குற்றம் என்று இலங்கையில் 1957இலேயே சட்டம் வந்துவிட்டது. சட்டம் மட்டும் காணாது என்று 1966 ஒக்ரோபர் 21இல் சுன்னாகத்தில் இருந்து ஊர்வலம் போனது. தேத்தண்ணிக் கடைகளுக்குள் போய் எல்லாரையும் போல இருந்து குடிப்பதற்காக ஆக்கள் அடி வாங்கினார்கள், செத்தும் இருக்கிறார்கள். 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் போராட்டம் நடந்தது. இதெல்லாம் நாங்கள் வாசித்தவைதான், கூட்டங்களில் கதைத்தவைதான். சுன்னாகமும் மாவிட்டபுரமும் எங்கட வீட்டில் இருந்து ஸ்கூட்டியில் போகிற தூரம். ஆனால் ஊர்வலம் எங்கட குசினிப் பத்திக்குள் வரவில்லை. அங்கே அந்தப் பேணி நிம்மதியாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

போக எழும்பும்போது, இந்த வீடு இனி என்ன ஆகும் என்று கேட்டோம். ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு வீட்டுக்காரரின் பிள்ளைகள் வருகிறார்களாம். விற்பதா வைத்திருப்பதா என்று அப்போதுதான் முடிவு.

“வித்தால் என்ன, கப்பையும் பஸ் சீற்றையும் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்ட போவம்” என்றா அக்கா.

“திண்ணை?” என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். அதற்கு ஒருத்தரும் பதில் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து நேரே பத்திக்குப் போனோம். பேணி இருந்தது. மாதத்துக்கு ஒருக்கா தேங்காய் பிடுங்க வாற ஐயாவுக்கு அதில்தான் தேத்தண்ணி. ஊத்திக் கொண்டுபோய்க் கொடுப்பது அம்மா இல்லை, நாங்கள்தான். போன மாதமும் நாங்கள்தான். ஏன் அந்தப் பேணி என்று எங்களுக்கு ஒருத்தரும் சொல்லித்தரவில்லை. அது ஐயாவின் பேணி என்று மட்டும் தெரியும், எங்கட கப்புகளோடு அது வராது என்றும் தெரியும். சின்ன வயதில் ஒருநாள் அதில் தண்ணி குடிக்கப் போய் அம்மம்மாவிடம் அடி வாங்கினது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அறுபது படம் எடுத்துக்கொண்டு வந்தோமே, எங்கட வீட்டில் நாங்கள் எடுத்துப் போட்ட படங்களில் ஒன்றில்கூட இந்த மூலை இல்லை.

அம்மாவிடம் கேட்டோம்.

“நான் பிறக்க முதலே அங்கதான் தொங்கினது” என்றுவிட்டு அம்மா தேங்காய் திருவினா. கொஞ்ச நேரத்துக்குப் பிறகு, “காலமை கேட்கேக்க ஒழுங்காச் சொல்லியிருந்தால்…” என்று தொடங்கி நிறுத்தினா.

“சொல்லியிருந்தால் என்னம்மா?”

திருவலைச் சத்தம்தான் வந்தது.

அடுத்த முறை ஐயா வந்தபோது சில்வர் கப்பில் தேத்தண்ணி கொண்டுபோனோம். அவர் வாங்காமல் எங்களைப் பார்த்தார்.

“என்ர பேணி எங்க பிள்ளையள்?”

“உடைஞ்சு போச்சு ஐயா.”

“எனாமல் உடையுமோ பிள்ளை?” என்று சிரித்துவிட்டு வாங்கிக் குடித்தார். திண்ணையில் இருங்கோ என்று சொன்னோம். “பரவாயில்லை, வேலை கிடக்கு” என்று நின்றபடியே குடித்தார். பிறகு தானே கிணத்தடிக்குப் போய்க் கப்பைக் கழுவி, கிணத்துக் கட்டில் கவிழ்த்துவிட்டுப் போனார். குசினிப் பக்கம் கொண்டுவரவில்லை. இதை ஒரு பெரிய காரியமாக நாங்கள் இங்கே எழுதவில்லை. எங்கட மனச்சாட்சிக்காக ஒரு வயதான மனிசனைச் சங்கடப்படுத்தினோமோ என்று இன்றைக்கும் யோசிக்கிறோம். அவரிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். பொய்தான் முதலில் வாயில் வந்தது.

பின்னேரம் அம்மா கிணத்தடிக்குப் போய் அந்தக் கப்பை எடுத்துக்கொண்டு வந்தா. ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் காலமை பார்த்தால், ஆறு சில்வர் கப்பும் ஒரே தட்டில் கவிழ்ந்து கிடந்தன. எது அந்தக் கப் என்று எங்களுக்குத் தெரியவில்லை.

எனாமல் பேணி இப்போது எங்கட மேசை லாச்சிக்குள் இருக்கிறது. மானிப்பாயில் மாட்டின மாதிரி நாங்களும் பலகை அடித்துப் பக்கத்தில் நாலு கப்பை மாட்டலாமா என்று ஒருதரம் யோசித்தோம். விட்டுவிட்டோம். அண்ணாவுக்கு அது அவரின் அப்பப்பா குடித்த பேணி. எங்களுக்கு இது நாங்கள் ஊத்திக் கொடுத்த பேணி. அவர் மாட்டினதைப் பார்த்து நாங்களும் மாட்டினால் அது வெறும் அலங்காரம்தான்.

வீடு இன்னும் தையில் இடிபடத்தான் இருக்கிறது. மாமாவுக்கு நீளமாக ஒரு வொயிஸ் மெசேஜ் அனுப்பினோம். பாரம்பரியம் என்ற சொல்லை இந்தமுறை பாவிக்கவில்லை. அம்மாவுக்கு அறையோடு பாத்றூம் வேணும், ஓட்டு ஒழுக்கு நிற்க வேணும், அது முதலாவது. குசினியையும் பத்தியையும் இடியுங்கோ, அதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. தலைவாசலையும் திண்ணையையும் மட்டும் விட்டு அதற்குப் பின்னால் புதிதாகக் கட்டமுடியுமா என்று பிளான் கீறினவரிடம் கேட்டுச் சொல்லுங்கோ. அந்தத் திண்ணையில் இன்னும் இருக்காத ஆக்கள் இருக்கினம், அதுக்குத்தான். மாமா கேட்டுவிட்டார் என்று நீலச் சரி விழுந்திருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை.

வாற ஞாயிறு மானிப்பாயில் இருந்து அவர்கள் எங்கட வீட்டுக்கு வருகிறார்கள். அம்மாவிடம் சொன்னோம். குசினி வாசலில் நின்று எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தா. அந்தக் கேள்விதான் திரும்பவும் வரப்போகிறது, இந்தமுறை ஓடுவதில்லை என்று நினைத்துக்கொண்டு நின்றோம்.

“எத்தனை பேர்?” என்று கேட்டா.

“மூண்டு பேர். அண்ணான்ர அப்பாவும் வாறார்” என்றோம்.